பணிக் கோப்புறையை மாற்றும் உரிமை யாருக்கு?

பொருள்களின் மின்னணு அமைப்பைக் கணக்கிடும் வாஸ்ப் நிரல் வியன்னாவில் உருவானது. தான் இயங்கும் கோப்புறையிலேயே இன்கார், போஸ்கார், போட்கார் என்ற மாறாத பெயர்களில் அது உள்ளீட்டைத் தேடும். விடையை அவுட்கார் என்று அங்கேயே எழுதும். ஒரே இடத்தில் இரண்டு கணக்குகளை ஓட்டினால் ஒன்றின் மேல் மற்றொன்று எழுதிவிடும். இத்தகைய நிரல்களை இயக்கும் பைத்தான் நிரலகங்கள் கணக்குக்கு ஒரு கோப்புறை உண்டாக்குவதும், 'சிஎச்டிர்' அழைப்பால் அதற்குள் நுழைந்து, வேலை முடிந்ததும் வெளியே வருவதும் இதனால்தான். இந்த வழக்கத்தின் பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. கோப்புறையை அளபுருவாக ஏற்கத் தெரியாத பழைய நிரலும் இதில் ஓடும். அதன் மூலநிரலைத் தொடவே வேண்டாம்.

ஆனால் பணிக் கோப்புறை ஒரு கணக்குக்குச் சொந்தமானதல்ல, முழு ப்ராசஸுக்கும் பொதுவானது. போசிக்ஸ் தரம் அதை அப்படித்தான் வரையறுக்கிறது. ஓர் அறை கேட்டவருக்காக வீட்டையே பெயர்த்து நகர்த்தும் வேலை இது. ஒரு த்ரெட் கோப்புறையை மாற்றினால், அதே ப்ராசஸில் ஓடும் மற்றொரு த்ரெட்டின் சார்புப் பாதைகளும் அந்தக் கணமே வேறிடத்தைச் சுட்டும். அதைவிடக் கெட்டது, பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது என்பது. அடுத்த கணக்கின் அவுட்காரைப் படித்து, நம்பத்தக்க ஓர் ஆற்றல் மதிப்பை நிரலகம் திருப்பித் தரக்கூடும். பைத்தான் 3.11-இல் சேர்ந்த 'கான்டெக்ஸ்ட்லிப்' வகைச் சிஎச்டிருக்கும் இதே குறை உண்டு. பெரும்பாலான த்ரெட் சூழல்களுக்கு அது ஏற்றதல்ல என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

இத்தகைய நிரலகங்களில் ஒன்றான குவாக் இதற்கு ஓர் அமைப்பை வைத்தது: கோப்புறை மாற்றத்தைப் பயனர் நிறுத்திக்கொள்ளலாம். நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் எந்தக் கணிப்பான் (ஒரு கணக்கு நிரலை பைத்தானிலிருந்து இயக்கும் பகுதி) கோப்புறையைக் குறிக்கும் 'டைரக்டரி' அளபுருவை ஒழுங்காக மதிக்கிறது என்ற கேள்வியை அது பயனர் தலையில் கட்டுகிறது. அந்த விவரம் நிரலகம் எழுதியவர்களிடம்தானே இருக்கும்? டென்மார்க்கில் தோன்றிய ஏஎஸ்இ என்ற நிரலகம், கோப்பு வழி இயங்கும் நிரலைத் துணை ப்ராசஸாகத் தொடங்கும்போது அதற்கு மட்டும் கோப்புறையைக் குறித்துக் கொடுக்கிறது. தாய் ப்ராசஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாஸ்பும் தன் கோப்புகளைக் காண்கிறது.

த்ரெட்டுகளைத் தவிர்த்து, வேலைக்கு ஒரு ப்ராசஸ் என்று ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதும்தான், ஆனால் அப்போது விடையின் சரித்தன்மை, வேலைகளைப் பிரித்து ஓட்டும் அட்டவணைப்படுத்தியின் அமைப்பைச் சார்ந்துவிடும். வேறொருவர் அதைத் த்ரெட்டுக்கு மாற்றும் நாளில் நிரலில் ஒரு வரியும் மாறியிருக்காது, விடை மட்டும் மாறியிருக்கும். முழுப் பாதைகளே போதும் என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு: கோப்புப் பெயருக்குக் குறுகிய நீளம் ஒதுக்கிய பழைய ஃபோர்ட்ரான் நிரல்கள் நீண்ட பாதையை வெட்டிவிடும். பைத்தானுக்குள்ளேயே இயங்கி, கேட்காமல் நடப்புக் கோப்புறையில் எழுதும் கணிப்பான்கள்தான் உண்மையான சிக்கல். அவற்றுக்குச் சிஎச்டிர் தேவைப்படலாம்; தனித் துணை ப்ராசஸுக்குள் அதை அடைத்துவிட்டால் போதும். தொடக்கச் செலவு சற்றுக் கூடும், பல மணி நேரம் ஓடும் கணக்கில் அது கணக்கிலேயே வராது. அந்தச் செலவுக்குத் தயாராக இல்லாத நிரலகம், இயல்பு மதிப்பாகக் கோப்புறை மாற்றத்தை நிறுத்திவைத்து, 'டைரக்டரி'யை மதிக்காத கணிப்பான் வந்தால் ஓட மறுப்பதே மேல்.