இரும்புக் கையும் தழும்புள்ள கையும்

சித்திரக்கதைகளைக் குறித்து இறையியல் ஏடொன்றில் எழுதுவது தகுமோ என்னும் ஐயம் வாசகருள் சிலருக்கு எழக்கூடும். அவ்வையம் நமக்கும் இருந்தது. ஆயினும், விருதுநகர்ச் சீமையில் பல்லாண்டு பணிபுரிந்ததில் நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. 'மீட்பர்' என்னும் சொல்லை நாம் பிரசங்க பீடத்திலிருந்து உச்சரிக்கும்போது, நடுவயதைக் கடந்த ஆண்கள் பலரின் உள்ளத்தில் திருமறை தீட்டிய உருவத்தோடு வேறோர் உருவமும் எழுகிறது. அவ்வுருவம் சிவகாசி அச்சகத்திலிருந்து வந்தது. அவர்களுடைய பிள்ளைகளின் உள்ளத்திலோ அது திரையரங்கிலிருந்து வருகிறது. இதனை அறியாமல் அருளுரை ஆற்றுவது, நிலத்தின் தன்மை அறியாமல் விதைப்பது போன்றதாகும். ஆகவே இவ்வீரர்களை ஒருமுறை நேர்மையுடன் மதிப்பிட்டுப் பார்ப்பது நம் கடனென்று கருதுகிறோம்.

1. சிவகாசிக்கு வந்த மாயாவி

பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் அறியப்பெறுவது சிவகாசி. மழை பொய்க்கும் இவ்வறண்ட பூமியில் மக்களுக்குச் சோறிட்டவை இம்மூன்றுமே. தீப்பெட்டியில் ஒட்டும் சீட்டும், வெடிக்கட்டின் மேலுறையும், தெய்வப் படம் தாங்கிய நாட்காட்டியும், நம் சபையார் புத்தாண்டில் சுவரில் மாட்டும் வாக்குத்தத்த வசன அட்டையும் இவ்வூர் எந்திரங்களில் அச்சேறுகின்றன. இவ்வூரிலிருந்தே 1972-ஆம் ஆண்டில் 'முத்து காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பின்னர் 1984-இல், எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு 'லயன் காமிக்ஸ்' தோன்றியது.

அக்காலத்தில் பள்ளிச் சிறுவராயிருந்த நாம், ஒரே பிரதியைப் பத்துப் பேர் கைமாற்றிப் படித்தோம். ஞாயிறு பள்ளிப் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்து, ஆசிரியரிடம் அகப்பட்டதும் உண்டு. அன்று அடிபட்டபோது, இதே நூலைப் பற்றி ஒருநாள் எழுதுவோமென்று நாம் எண்ணியதில்லை.

2. கதையின் வலிமையும் சரிவும்

மாயாவி பிறப்பால் ஆங்கிலேயப் படைப்பு. 1962-இல் 'வேலியண்ட்' என்னும் ஆங்கிலச் சிறுவர் வார இதழில் தோன்றியவன். லூயிஸ் கிராண்டல் என்பது அவனுக்கு அங்கு வழங்கிய பெயர். ஆய்வுக்கூட உதவியாளனாகிய அவன், ஒரு விபத்தில் வலக்கையை இழக்கிறான். அவ்விடத்தில் எஃகுக் கை பொருத்தப்படுகிறது. பின்னர் நேரும் மற்றொரு விபத்தில் உயரழுத்த மின்சாரம் உடலில் பாய, அவன் கண்ணுக்கு மறைந்துபோகிறான். ஆனால் அந்த எஃகுக் கை மட்டும் மறைவதில்லை. அது அந்தரத்தில் தனித்து மிதக்கிறது.

ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ இதனைக் கறுப்பு வெள்ளையில் தீட்டிய திறம் இன்றும் வியக்கத்தக்கது. மனிதன் மறைய, அவன் இழப்பு மட்டும் வெளியே தெரிகிறது. உடலூனமுற்றோரைச் சமுதாயம் பார்க்கும் பார்வையே இதுவன்றோ! முழு மனிதரை நாம் காண்பதில்லை, குறையொன்றையே காண்கிறோம். கதையை எழுதியவர்கள் இதனைக் கருதினார்களோ இல்லையோ, அப்படம் அதனைச் சொல்லிவிடுகிறது.

இன்னொரு சிறப்பும் உண்டு. ஆற்றல் பெற்றவுடன் கிராண்டல் நல்லவனாகிவிடுவதில்லை. தொடக்கக் கதையில் அவன் குற்றவாளியே. வலிமை மனிதனைத் தூய்மைப்படுத்தாது என்னும் உண்மையை அச்சிறு நூல் அஞ்சாமல் கூறியது. ஆனால் தொடர் நீள நீள, அவன் அரசின் இரகசியப் படையில் சேர்கிறான். எஃகு விரல்கள் துப்பாக்கியாகவும் வானொலியாகவும் ஆகின்றன. காயம் கருவியாக மாறுகிறது. அக்கை எவ்வாறு போயிற்று என்பதைக் கதையும் மறக்கிறது, படிப்பவரும் மறக்கிறோம். நம் மதிப்பீட்டில் இதுவே அத்தொடரின் சரிவு.

லயன் காமிக்ஸ் வழியாக நம்மைக் கவர்ந்த ஸ்பைடரையும் இங்கு நினைவுகூரலாம். இவன் அமெரிக்க ஸ்பைடர்மேன் அல்லன். 1965-இல் ஆங்கில 'லயன்' இதழில் தோன்றியவன். குற்ற உலகின் பேரரசனாக விரும்பிய இவன், பின்னர்க் குற்றவாளிகளையே எதிர்க்கத் தொடங்குகிறான். இவன் கதைகள் பலவற்றை எழுதிய ஜெர்ரி சீகல், 1938-இல் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். ஒரே எழுதுகோல் மாசற்ற வீரனையும் அகந்தை மிக்க வீரனையும் வரைந்திருப்பது சிந்தனைக்குரியது. ஸ்பைடர் பக்கம் மாறுகிறானேயன்றி மனம் மாறுவதில்லை. அகந்தை அப்படியே நிற்கிறது. மனந்திரும்புதலுக்கும் கட்சி மாறுதலுக்கும் உள்ள வேறுபாட்டை மாணாக்கருக்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டை நாம் கண்டதில்லை.

3. திரையில் தோன்றிய வீரர்கள்

1978-இல் ரிச்சர்டு டானர் இயக்கிய 'சூப்பர்மேன்' திரைப்படத்தில், தந்தை தம் ஒரே மகனை மனிதகுலத்திற்காக அனுப்பும் காட்சியில் நற்செய்தியின் எதிரொலியைக் கேளாத கிறிஸ்தவர் அரியர். அதனைக் கண்டு மகிழ்ந்து, அருளுரைகளில் எடுத்தாண்டவர்களும் உளர். ஆனால் அப்படத்தின் முடிவை அவர்கள் கருதிப் பார்க்கவில்லை. தான் நேசித்த பெண் மாண்டதும், வீரன் பூமியைச் சுற்றிப் பறந்து, காலத்தையே பின்னோக்கித் திருப்பி, நேர்ந்த மரணத்தை நேராததாக்கிவிடுகிறான். இது உயிர்த்தெழுதல் அன்று, அழித்தெழுதுதல். பெரிய வெள்ளியைத் துடைத்துவிட்டு ஈஸ்டரைக் கொண்டாடுவதற்கு இஃது ஒப்பாகும்.

தமிழ்த் திரையுலகமும் இத்தகைய வீரர்களைத் தேடியிருக்கிறது. சுசி கணேசனின் 'கந்தசாமி' (2009) திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் மக்கள் கட்டும் விண்ணப்பச் சீட்டுகளை, ஒரு புலனாய்வு அதிகாரி எடுத்துப் படித்து, கறுப்புப் பணம் சேர்த்தோரிடமிருந்து பறித்து நிறைவேற்றுவதாகக் காட்டியது. வேண்டுதலுக்குக் கிடைக்கும் விடை மனிதக் கைகளின் வழியாகவே வருகிறது என்பது ஆழ்ந்த கருத்து. ஆனால் அக்கருத்து சேவல் வேடத்தின் ஆரவாரத்தில் அடிபட்டுப் போயிற்று. மிஷ்கினின் 'முகமூடி' (2012) அமானுஷ்ய ஆற்றல் ஏதுமில்லாத குங்ஃபூ இளைஞனை வீரனாக்கியது. அத்துணிவு பாராட்டற்குரியது. எனினும் அவன் எதற்காகப் போராடுகிறான் என்பது முகமூடியின் பின்னாலேயே மறைந்துவிடுகிறது.

இவற்றுள் நாம் மிக உயர்வாக மதிப்பது மடோன் அஷ்வினின் 'மாவீரன்' (2023). இதன் தலைவன் சத்யா நாளிதழ் ஒன்றில் வீரனின் சித்திரக்கதையை வரைபவன், வாழ்விலோ கோழை. குடிசைப் பகுதியிலிருந்து அகற்றப்பட்ட அவன் குடும்பமும் அயலாரும் 'மக்கள் மாளிகை' என்னும் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியேற்றப்படுகின்றனர். சுவர் உதிர்கிறது; கைப்பிடி கழன்று வருகிறது. இங்கே கெடுதல் வேற்றுக்கோளிலிருந்து வரவில்லை. கலவையில் குறைக்கப்பட்ட சிமெண்டிலிருந்தும், அதனால் பயனடைந்த அமைச்சரிடமிருந்தும் வருகிறது. இப்படம் 'காப்பாற்றுபவன் யார்?' என்பதோடு நில்லாமல், 'கட்டியவன் யார்?' என்றும் கேட்கிறது. குறை என்று கூறின், கேட்பவன் இங்கும் ஒருவனே. குடியிருப்போர் கூடிக் கேட்பதற்குப் படம் போதிய இடம் தரவில்லை.

'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரிலேயே ஒரு படம் எடுக்கும் விருப்பத்தை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பொதுவெளியில் தெரிவித்திருக்கிறார். அத்தகைய படம் வெளிவருமாயின் அதனிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: அந்தக் கை எவ்வாறு போயிற்று என்பதை அது மறக்குமா, மறக்காதா?

4. ஒரு சபையாரின் சொல்

இக்கேள்வியை நமக்குக் கற்பித்தவர் நம் சபையார் ஒருவர். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை செய்தவர். ஒருநாள் நேர்ந்த விபத்தில் வலக்கை வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுகிவிட்டன. திருவிருந்தில் அவர் அக்கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு இடக்கையை நீட்டுவார். அதனைக் குறையாகப் பேசியவர்களும் நம் சபையில் இருந்தனர்.

அவரும் நம் வயதினரே. ஒருநாள் அவர் இல்லத்தில் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு சிறுவயதில் படித்த கதைகளின்மேல் சென்றது. மாயாவியின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. கதை முழுவதையும் ஒப்புவித்தார். பின் துண்டைச் சற்று விலக்கிக் கையைப் பார்த்துவிட்டு, சிரித்தபடியே சொன்னார்: "மாயாவிக்குக் கை போனதும் பலம் வந்துச்சு. எங்களுக்குக் கை போனா வேலைதான் ஐயா போகுது."

நாம் விடையிறுக்கவில்லை. விடை நம்மிடம் இல்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் 'மருந்துக் கலவையில் உராய்வு' என்னும் சொற்கள் வருகின்றன. உராய்வு உண்மையே. ஆனால் உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை வேறொருவர் பொறுப்பிலுமாக நடக்கும் உள்குத்தகையும், அறையில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை அமர்த்துவதும், தீபாவளிக்கு முந்திய மாதங்களின் அவசரமும், துண்டுக் கணக்கில் கூலி பெறுவதால் கைகள் கொள்ளும் வேகமும் அவ்வுராய்வுக்குப் பின்னால் நிற்கின்றன. இவை சித்திரக்கதையில் வரும் எதிரியைப் போல ஒரு முகம் கொண்டவை அல்ல. ஆகவே ஒரே குத்தில் வீழ்த்தப்படுவனவும் அல்ல.

முதலிப்பட்டியில் மாண்டவர்களுள் அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள் பலர். எஃகுக் கையோ, மறையும் உடலோ, முகமூடியோ அவர்களுக்கு இல்லை. புகையைக் கண்டு ஓடினார்கள். அவர்களைப் பற்றிச் சித்திரக்கதை எழுதப்படவில்லை. நம் அருளுரைகளிலாவது அவர்கள் இடம்பெற்றார்களா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

5. நம் பிரசங்க பீடமும் இரும்புக் கையும்

சித்திரக்கதைகளைக் குறைகூறும் தகுதி நமக்கு எளிதில் வாய்ப்பதன்று. ஏனெனில் நாமும் அவற்றையே பிரசங்கித்திருக்கிறோம். இயேசுவைப் பறந்து வந்து சிக்கலை நொடியில் தீர்க்கும் மாவீரராகவும், அவரை நம்பினோரின் காயங்கள் அனைத்தும் வலிமையாக மாறுவதாகவும் சொல்லிச் சொல்லி, உண்மையில் காயமடைந்தவரை நம் திருவிருந்துப் பந்தியில் தனியராக்கினோம். விபத்தில் மாண்டோரின் அடக்க ஆராதனையில் ஆறுதல் கூறினோம். அறையில் எத்தனை பேர் இருந்தனர் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆலை நடத்துவோரும் நம் சபையாரே என்பது நினைவுக்கு வந்திருக்கும்.

யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரம் தோமாவின் ஐயத்தைப் பற்றியதென்றே நாம் பெரிதும் போதிக்கிறோம். ஆனால் அங்கே கருதத்தக்கது உயிர்த்தெழுந்தவரின் கை. பூட்டிய கதவுகள் தடையாகாத அவ்வுடலில் ஆணித் தழும்பு மட்டும் நீங்காமல் இருக்கிறது. அதனை அவர் மறைக்கவுமில்லை, கருவியாக்கவுமில்லை; காட்டினார். அதனைக் காட்டியே தம்மை அறிவித்தார். அத்தழும்பு, அவரை அறைந்தவர் யார், தீர்ப்பளித்தவர் யார், கைகழுவியவர் யார் என்பதையும் அழியாமல் வைத்திருக்கிறது. மாயாவியின் எஃகுக் கை நம்மை அக்கேள்விகளிலிருந்து விடுவிக்கிறது. தழும்புள்ள கையோ அவற்றை நம்முன் நிறுத்துகிறது.

இளையோர் இக்கதைகளைப் படிக்கட்டும், படங்களையும் பார்க்கட்டும். தடுத்தால் பாடநூலுக்குள் மறைத்துப் படிப்பார்கள் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். உடனமர்ந்து பார்த்து, காயம் எங்கிருந்து வந்தது, அதனைக் கதை நினைவில் வைத்திருக்கிறதா, காப்பாற்றப்பட்ட மக்கள் பேசினார்களா என்னும் வினாக்களை அவர்களோடு சேர்ந்து கேட்பதே ஆயர் பணி. அவ்வினாக்களை நம் அருளுரைகளை நோக்கியும் அவர்கள் கேட்க இடங்கொடுக்க வேண்டும்.

நாம் குறிப்பிட்ட அச்சபையார் ஞாயிறுதோறும் தவறாமல் வருகிறார். இன்றும் வலக்கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு இடக்கையையே நீட்டுகிறார். நாம் பிரசங்கித்துவரும் கிறிஸ்து இன்னும் இரும்புக் கையரே என்பதற்கு அதனினும் தெளிவான சான்று நமக்கு வேண்டியதில்லை.