வசனமில்லாத நெருப்பு

ழான் ழாக் அன்னோ இயக்கி 1981-இல் வந்த ‘குவெஸ்ட் ஃபார் ஃபயர்’ படத்தின் கதை 80,000 ஆண்டுகளுக்கு முன் நடக்கிறது. புரியும் வசனம் ஒன்றுகூட இல்லை. பாத்திரங்கள் பேசும் அந்தப் புரியாத பேச்சை உருவாக்கியவர் எழுத்தாளர் ஆந்தனி பர்ஜெஸ். சைகைகளுக்கு விலங்கியலாளர் டெஸ்மண்ட் மோரிஸ். சப்டைட்டிலும் கிடையாது, தேவைப்படவும் இல்லை.

கதையின் மையமான ஆதிமனிதர் கூட்டத்துக்கு நெருப்பைக் காக்கத் தெரியும், மூட்டத் தெரியாது. அணைந்துபோனதும் மூன்று பேர் தேடிப் புறப்படுகிறார்கள். வேறொரு குலத்தான் உள்ளங்கைகளுக்கிடையே குச்சியைக் கடைகிறான். புகை வருகிறது, பிறகு பொறி. பார்த்துக்கொண்டிருக்கும், மூவரில் ஒருவனான நாவோவின் முகம் நடுங்குகிறது. எவரெட் மெக்கில் அதை நடித்ததாகவே தோன்றவில்லை. ஒப்பனைக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள், சரிதான். ஆனால் அத்தனை பூச்சையும் மீறித் தெரிகிற கண்களுக்கு யார் கொடுப்பது?

யானைகளுக்கு ரோமம் போர்த்தி மாமத் ஆக்கியிருப்பது இன்று கொஞ்சம் பல்லிளிக்கிறது. போகட்டும். எனக்குப் பிடித்தது சிரிப்புதான். மூவரில் ஒருவன் தலையில் கல் விழ, நெருப்பு மூட்டத் தெரிந்த குலத்துப் பெண் ஈக்கா சிரிக்கிறாள்; ஆண்கள் விழிக்கிறார்கள், சிரிப்பென்றால் என்னவென்றே தெரியாது. பிற்பாடு அவனே கூட்டாளியின் தலையில் வேண்டுமென்றே ஒரு கல்லைப் போடுகிறான். இந்தமுறை எல்லோருமே சிரிக்கிறார்கள், அடிபட்டவனும் சேர்த்து.