செரங்கெட்டிச் சமவெளியில் யோகாசனம்: ஓர் இறையியல் திறனாய்வு

கிழக்கு ஆப்பிரிக்காவின் வனவிலங்குக் காப்பகங்களை ஒட்டி அண்மை ஆண்டுகளில் புதியதொரு பயணமுறை பரவி வருகின்றது. விடியலில் யோகாசனம், பின்னர்ச் சிங்கங்களையும் யானைகளையும் காண ஊர்தியில் சஃபாரி, மாலையில் கூடார வாயிலில் தியானம். கென்யாவின் மசாய் மாராவிலும் தான்சானியாவின் செரங்கெட்டியிலும் இத்தகைய முகாம்கள் நடைபெறுகின்றன. (சஃபாரி என்னும் சுவாகிலிச் சொல் பயணத்தையே குறிக்கும், நாமோ அதனை ஒருவகை உடுப்பின் பெயராக்கிக்கொண்டோம்.)

இதைக் குறித்து நம்மவர் பேசப் புகுந்தால், யோகம் கிறிஸ்தவர்க்கு ஆகுமா ஆகாதா என்னும் பழைய வழக்கையே எடுப்பர். அவ்வழக்கு இங்கு வேண்டியதில்லை. யோகநெறியை அதன் சொந்த அளவுகோலாலேயே அளந்து பார்ப்போம். பதஞ்சலி கூறும் எட்டு உறுப்புகளுள் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன் இயமமும் நியமமும் நிற்கின்றன. கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, உடைமை அவாவாமை ஆகியன இயமத்துள் அடங்கும். திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் இவ்வரிசையையே பேணுகின்றார். முதலிரண்டு படிகளையும் தாண்டி மூன்றாம் படியில் பாய் விரிப்போர், அப்பாய் யாருடைய நிலத்தில் விரிக்கப்படுகின்றது என்று கேட்பதில்லை.

செரங்கெட்டி 1951இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கு கால்நடை மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள், பிரித்தானிய ஆட்சியினரின் ஏற்பாட்டின்படி 1959இல் அதனைவிட்டு நீங்கினர். கொரொங்கோரோ பகுதியில் வாழும் உரிமை அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளியான ‘செரங்கெட்டி சாகலாகாது’ என்னும் திரைப்படத்தால் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் கிஜிமெக் உலகப் புகழ் பெற்றார். விலங்குகளிடத்து அவர் கொண்ட அன்பு மெய்யானது. அவர் மகன் அப்பணியிலேயே விமான விபத்தில் உயிர்நீத்தார். எனினும் அந்நிலத்து மக்களேயாயினும் மனிதர் பூங்காவுள் வாழலாகாது என்பதே அவரது கொள்கை. அக்கொள்கையின் நிழல் இன்னும் நீங்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்திற்கு அரசு எல்லைக்கல் நாட்டியபோது மோதல் மூண்டது. காவலர் ஒருவர் மாண்டார், மசாய் மக்கள் பலர் காயமுற்றனர். அதே ஆண்டில் கொரொங்கோரோவிலிருந்தும் குடும்பங்கள் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ம்சொமேராவுக்குக் குடிபெயர்க்கப்படலாயின. அரசு இதனைத் தன்விருப்பக் குடியேற்றம் என்றது. மசாய் மக்களில் பலர் அதனை மறுத்தனர்.

இந்நிலையில் ‘மனிதக் கால் படாத இயற்கையில் உம்மை நீரே காண்பீர்’ என்னும் பாங்கிலான அழைப்பு, இயமத்தின் வாய்மைக்கே முரணானது. கால் பட்ட நிலம் அது, கால்கள் அகற்றப்பட்டன.

நமது வேதம் வேறொரு காட்சியைத் தருகின்றது. 104ஆம் சங்கீதத்தில் இரவு சிங்கக் குட்டிகளுக்குரியது. அவை தேவனிடத்தில் இரை தேடுகின்றன. சூரியன் உதிக்கையில் அவை தங்கள் மறைவிடங்களுக்குத் திரும்ப, மனிதன் தன் வேலைக்குப் புறப்படுகின்றான். ஒரே நிலம், ஒரே நாள், இருவர்க்கும் பங்கு. சங்கீதக்காரர் உழைப்பாளியை நீக்கிவிட்டுப் படைப்பைப் புகழவில்லை. அவர் உழைப்பாளிக்கு வைத்த விடியற்பொழுதை இம்முகாம்கள் விருந்தினரின் ஆசனத்திற்கு ஒதுக்கியுள்ளன. விலங்கின் பாதுகாப்பு வேண்டாவென்று இங்குக் கூறவில்லை. மந்தையும் வரிக்குதிரையும் அருகருகே மேய்ந்த வரலாறு அச்சமவெளிக்கு உண்டு என்பதே நாம் நினைவூட்டுவது.

எல்லா இடமும் ஒருபடித்தன்று. மாராவைச் சூழ்ந்த தனிக்காப்பகங்களில் மசாய் நிலவுரிமையாளரே தம் நிலத்தைச் சுற்றுலா விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டு வாடகை பெறுகின்றனர். கட்டுப்பாட்டுடன் மேய்ச்சலும் உண்டு. குறைகள் இருப்பினும் இது செரங்கெட்டி வழியினும் நேரியது. அங்குச் செல்லவிரும்பும் நம் சபையார், ஆசிரியர் எந்த யோகமரபினர் என்று விசாரிப்பதற்கு முன், குத்தகைப் பணம் யார் கையில் சேருகின்றது, வறட்சிக் காலத்தில் மந்தைக்கு அந்நிலத்தில் வழி உண்டா என்று கேட்டறிதல் தகும்.