மணற்காட்டுச் சவுக்குக்குள்ளே

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடக்க எது நல்ல இடம் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். வடமராட்சி கிழக்கின் மணற்காடுதான்! வற்றாத ஆறும் இல்லை, மலையும் இல்லை, சுண்ணக்கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கிற மண் எங்களுடையது. அதில் மணல்மேடு ஏறி இறங்கி நடக்கும் சுகத்தை வேறெங்கே தேடுவது?

பருத்தித்துறையிலிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயிலடியைத் தாண்டினால் வெண்மணல் மேடுகள் கண்ணில் படும். அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். இராவணன் மீசைப் புல் காலைக் கீறும், பரவாயில்லை. மேட்டைக் கடந்து சவுக்கங்காட்டுக்குள் காலை வையுங்கள். வெயில் அப்படியே அறுந்துபோகும். உள்ளே கேட்கும் இரைச்சல் கடலா காற்றா என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியாது. தலைக்கு மேலே தொங்குவதை இலை என்றுதான் எல்லோரும் நினைப்போம். அவை மெல்லிய பச்சைக் குச்சிகள். இலைகளோ கணுக்களில் பொடிச் செதில்களாய் ஒட்டியிருக்கும். குச்சியொன்றைப் பிடுங்கிக் கணுவில் முறித்துப் பாருங்கள், என்ன வடிவு! வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால்தான் இந்த வெறும் மணலிலும் மரம் தழைக்கிறது, மணலையும் கட்டி வைக்கிறது.

உள்ளே போட்ட பாதை கிடையாது. ஆட்கள் நடந்தும் மாடு நடந்தும் விழுந்த ஒற்றையடிகள்தான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு ஐயா, "தம்பி, செருப்பைக் கழட்டிப்போட்டு நடவுங்கோ, அப்பதான் தெரியும்" என்றார். எவ்வளவு உண்மை! உதிர்ந்த சவுக்கங்குச்சி மெத்தென்று காலைத் தாங்குகிறது.

இந்த மணல் எதையும் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு ஆயிரத்தெண்ணூறு ஆண்டுக்கு மேல் பழையது. மணற்காட்டிலோ பழைய அந்தோனியார் கோயிலின் கூரை போய்ச் சுவர்கள் மட்டும் மணலுக்குள் நிற்கின்றன. அதன் முன் நின்றபோது எனக்கு மயிர் சிலிர்த்தது.

மேடுகள் வெறும் அழகுக்கு இல்லை. மழைநீரை உறிஞ்சி அடியில் நன்னீராய்த் தேக்குவது இந்த மணல்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிவந்து உயிர்களைக் கொண்டுபோன கரை இது. இங்கே மேட்டைவிடப் பெரிய அரண் ஏது? அப்படியிருந்தும் மணலை அள்ளி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய குழியைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பறவை பார்க்க ஆசையென்றால் இன்னும் தெற்கே, 1938இலேயே பறவைச் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்துக்குப் போங்கள். மாரியில் பூநாரை வரும். நடக்க வேண்டுமென்றால் மணற்காடு. தை, மாசியில், வெயில் ஏறமுன் போங்கள். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம், காலிப் போத்தலைத் திரும்பக் கொண்டுவருவது அதைவிடக் கட்டாயம். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், மேட்டிலிருந்து உருண்டு விளையாடட்டும்!