வானொலியில் ஒரு சிறு கப்பல்

டன்கேர்க்கிலிருந்து படைகளை மீட்கும் பணி முடிந்த மறுநாள், 1940 யூன் 5 இல், நாவலாசிரியர் ஜே. பி. பிரீஸ்ற்லி பீ. பீ. ஸி. வானொலியிற் பேசினார். ஜேர்மன் வானொலியில் வில்லியம் ஜொய்ஸ் ஆங்கிலத்திலே ஏளனம் பொழிந்த காலமது. பிரீஸ்ற்லியோ பொய்களை ஒவ்வொன்றாய் எடுத்து மறுத்தாரல்லர். வைட் தீவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச்சென்று, டன்கேர்க் மீட்பில் அமிழ்ந்துபோன 'கிரேசி பீல்ட்ஸ்' என்னும் நீராவிக் கப்பலுக்கு இரங்கினார். கேட்டோர்க்கு அது தம்மூர்க் கப்பல். ஏளனத்தால் தொடமுடியாத இடம் அது; பேச்சின் வலிமையும் அதுவே.

குறையும் ஈண்டே உளது. மீட்கப்பட்ட ஏறத்தாழ 338,000 பேரிற் பெரும்பாலோரைக் கொணர்ந்தவை நாசகாரிகளும் பெரிய பயணிகள் கப்பல்களுமே. சிறு கலங்களின் தொண்டு மெய்; ஆயின் மீட்பு முழுவதும் அவற்றின் செயலெனப் பலர் நம்பலாயினர். வகுப்பில் நான் உரைநடையின் அழகை முதலிற் காட்டி, கணக்கைப் பின்னரே கூறுவேன். அப்போது மாணவர் முகங்கள் சற்றே வாடும்.