டி. எஸ். பாலையா: கேட்பதையே நடிப்பாக்கியவர்

திருநெல்வேலி சுப்பிரமணியம் பாலையா, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் 1914 ஆகஸ்ட் 23 அன்று பிறந்தார். அந்நாளில் மேடையேற இரண்டு வழிகள் இருந்தன. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை ஒன்று. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு நேரத்தில் வேஷம் கட்டிய இடம் அது. மற்றது ஊர் ஊராகக் கொட்டகை போட்ட நாடகக் கம்பெனி. அங்கே நடிப்புதான் பிழைப்பு. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் வசனம் எட்ட வேண்டும். பாலையா கம்பெனி வழியில் வந்தவர். சொல்லை உருட்டியும் நிறுத்தியும் வீசும் அவர் குரல் அந்தப் பயிற்சி தந்தது.

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’ (1936) அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். கதாநாயகனைக் குடிக்கப் பழக்கிக் கெடுக்கும் நண்பன் வேடம் பாலையாவுக்கு. மறு ஆண்டே ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரே தளபதி ருத்ரசேனன். வில்லன் முத்திரை வெகுநாள் ஒட்டிக்கொண்டது. அதற்கிடையிலும் அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’யில் (1949) நாயகனுக்குப் புத்தி சொல்லும் நண்பன் மணியாக வந்தார், ‘தூக்குத் தூக்கி’யில் (1954) மார்வாடி சேட்டாகச் சிரிக்க வைத்தார்.

ஆனால் அவருடைய முழு வீச்சு தெரிவது ஐம்பதை நெருங்கிய பிறகுதான். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா, அப்பாவுக்குப் பேய்க் கதை சொல்கிறான். வாயாலேயே சத்தமும் எழுப்பிக் கதை சொல்கிற நாகேஷைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பயம் உண்டாவதோ பாலையாவின் முகத்தில். பணக்கார எஸ்டேட் முதலாளியின் மிடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, விழி பிதுங்கி, கடைசியில் குழந்தையாகிவிடுகிறார். எதிராளி பேசும்போது தான் என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்ப் படங்களில் இதைவிடச் சிறந்த விடை இல்லை.

அடுத்த ஆண்டு ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாட’லில் ஹேமநாத பாகவதர். பாண்டியன் சபையில் நெஞ்சை நிமிர்த்திப் பாடுபவர், இரவில் விறகு விற்பவனாக வந்த சிவனின் பாட்டைத் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் கேட்கிறார். பாகவதரோடு போட்டியிட்டுப் பாட இருக்கும் பாணபத்திரர் தன்னைச் சீடனாக ஏற்க மறுத்துவிட்டதாக அந்த ஆள் சொல்கிறான். ஒதுக்கப்பட்டவனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார்? வித்துவான் என்பதால் பாட்டின் தரம் அவருக்கு உடனே புரிகிறது. அந்த ரசனைதான் அவரைத் தோற்கடிக்கிறது. ஆணவக்காரனிடம் ஒளிந்திருந்த ரசிகனையும் காட்டியதால்தான் இது வெறும் வில்லன் வேடமாக நிற்கவில்லை.

கொத்தமங்கலம் சுப்புவின் கதையான ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் தவில்காரர் முத்துராக்கு. நாதஸ்வரம் இழையும்போது தலையும் தோளும் சேர்ந்து அசையும். அடுத்த பிடிக்குக் காத்திருப்பது முகத்தில் தெரியும். கச்சேரியில் பக்கத்து வாத்தியக்காரர் எப்படிக் கேட்பார் என்பதைக் கூர்ந்து கவனித்த நடிப்பு இது. இடையில் பாலசந்தரின் ‘பாமா விஜய’த்தில் (1967), நடிகை பக்கத்து வீட்டுக்குக் குடிவந்ததும் தலைகால் புரியாமல் ஆடும் மகன்களையும் மருமகள்களையும் வழிக்குக் கொண்டுவரும் அப்பா.

1972 ஜூலை 22 அன்று, 58 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், பாலையா காலமானார்.