தோற்றவரே நடுவர்: ‘திருவிளையாடல்’ படத்தில் ஹேமநாத பாகவதர் கதை

இசைப்போட்டியை நகைச்சுவையாக்கும் படங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. சிரிப்புக்காகப் பாடகரை மட்டமாகப் பாட வைத்தால் போட்டிக்கு மதிப்பில்லை. நன்றாகப் பாட வைத்தால் சிரிப்பு வருவதில்லை. ஏ. பி. நாகராஜன் இயக்கி 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் இன்றும் கவனிக்கத்தக்கது.

கதை

படத்தில் வரும் திருவிளையாடல்களில் இறுதியானது பாணபத்திரர் கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது ‘விறகு விற்ற படலம்’. வடபுலத்துப் பாடகர் ஹேமநாத பாகவதர் பாண்டியன் அவைக்கு வந்து அறைகூவல் விடுக்கிறார். அவர் வென்றால் பாண்டிய நாடே அவர் இசைக்கு அடிமை. எதிர்த்துப் பாடப் பணிக்கப்பட்ட பாணபத்திரர் (டி. ஆர். மகாலிங்கம்) அஞ்சிச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார். அன்றிரவே சிவபெருமான் (சிவாஜி கணேசன்) விறகுவெட்டியாக வந்து, பாகவதர் தங்கிய வீட்டுத் திண்ணையில் பாடுகிறார். பாணபத்திரரால் மாணவனாக ஏற்கப்படாதவன் தான் என்றும் சொல்லி வைக்கிறார். தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் தள்ளிய ஆசிரியர் எப்படிப் பாடுவார்? பாகவதர் விடியுமுன் ஊரைவிட்டுப் போய்விடுகிறார். அவையில் போட்டி நடக்கவே இல்லை.

நகைச்சுவை

பாகவதராக நடித்த டி. எஸ். பாலையா, தலையசைப்பிலும் கையசைப்பிலும் ஏளனப் பார்வையிலுமே சிரிக்க வைக்கிறார். ஆனால் அவர் வாய் திறந்ததும் கேட்பது எம். பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். கே. வி. மகாதேவன் இசையில் அமைந்த அந்த ராகமாலிகையில் தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகம் மாறும்போது அதன் பெயரும் சொல்லோடு சொல்லாகக் கலந்து வருகிறது. கண்ணதாசனின் கைவண்ணம் அது. படத்தின் மிகச் சிறந்த பாட்டைத் தோற்கப்போகிறவருக்குக் கொடுத்ததே நாகராஜனின் துணிச்சல். நாம் சிரிப்பது பாகவதரின் செருக்கைப் பார்த்து. அவர் வித்தையை யாரும் பழிக்க முடியாது.

குறை

அதற்குமேல் ஒரு பாட்டு வேண்டுமே! டி. எம். சௌந்தரராஜன் குரலில் வரும் திண்ணைப் பாட்டு கம்பீரமானது. ஆனாலும் நுணுக்கத்தில் பாகவதரின் பாட்டை அது விஞ்சவில்லை என்பதே என் கருத்து. இயக்குநரும் காட்சியின் துணையை நாடுகிறார்: பாடுபவரும் சிவாஜி, வீணை வாசிப்பவரும் மிருதங்கம் வாசிப்பவரும் சிவாஜி, பாட்டு நின்றால் இயற்கையும் அசைவற்று நிற்கிறது. காதுக்குச் சொல்லவேண்டியதைக் கண்ணுக்குச் சொல்கிறார். பாணபத்திரர் ஒரு சோதனைக்கும் உட்படாமல் வெற்றி பெறுவதும் கதையின் குறையே. புராணத்துக்கு அது பொருந்தும். ஒரு கலைஞனின் கதைக்குப் பொருந்தவில்லை.

ஓர் ஒப்பீடு

பிரான்சும் பங்கேற்க 1956-இல் தொடங்கிய யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பற்றி 2020-இல் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. இயக்கியவர் டேவிட் டாப்கின். ஐஸ்லாந்தின் சிற்றூரைச் சேர்ந்த ஓர் இணை, இறுதி மேடையில் போட்டிப் பாட்டை விட்டுவிட்டுத் தம் ஊரைப் பற்றிய பாட்டைப் பாடுகிறது. விதிப்படி தகுதி போய்விடுகிறது. அரங்கமோ உருகி நிற்கிறது. அங்கும் பாட்டின் மதிப்பு மதிப்பெண்ணுக்கு வெளியே இருக்கிறது. ஆனால் அதை உணர்த்த ஆயிரக்கணக்கானோரின் கைதட்டல் தேவைப்படுகிறது. நாகராஜனுக்கு ஒரே ஒருவர் போதும், அவரும் எதிராளி.

மதிப்பீடு

புதுச்சேரிப் பள்ளிகளில் ஆசிரியனாக இருந்த காலத்தில் பாட்டுப் போட்டிகளுக்குப் பலமுறை நடுவராக அமர்ந்திருக்கிறேன். சுருதி, தாளம், உச்சரிப்பு என்று கட்டம் போட்ட தாளைத் தருவார்கள். அடுத்தவர் பாட்டு தன் பாட்டைவிடச் சிறந்தது என்று உணரும் காதுக்கு அதில் கட்டம் இல்லை. ஹேமநாதரிடம் அந்தக் காது இருந்தது. யாரும் பார்க்காத இரவில், யாரும் கேட்காமலே, தன் தோல்வியைத் தானே ஒப்புக்கொள்கிறார். அதற்கு இசையறிவும் வேண்டும், நேர்மையும் வேண்டும். பாலையாவின் கோமாளித்தனத்தைக் கண்டு சிரித்த நாம், அந்த இடத்தில் அவரை மதிக்கவும் செய்கிறோம். இந்தப் பகுதி நிலைத்து நிற்பது அதனால்தான்.